குளோரின் கலந்த நீரிலும் வைரஸ்கள் தப்புவது எப்படி? தில்லி மஞ்சள் காமாலை உணர்த்தும் பாடம்

புதுதில்லி: தில்லி மருத்துவமனைகளுக்கு 1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மஞ்சள் காமாலை நோயாளிகள் பெருமளவில் வரத் தொடங்கினர். அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,300 பேருக்குக் காமாலை வெளிப்படையாகத் தெரிந்தது. காமாலை தோன்றாத லேசான பாதிப்புகளையும் சேர்த்து மதிப்பிட்டபோது, நோய்க்கு ஆளானோர் எண்ணிக்கை 97,000-ஐக் கடந்தது. குடிநீர் வழியே பரவிய காமாலை குறித்து உலக அளவில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வாக அது விளங்குகிறது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் குடிநீர் குளோரின் கலக்கப்படாத நீர் அன்று. முறையாகச் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்களில் விநியோகிக்கப்பட்ட நீர்தான்.

வெள்ளத்துக்குப் பின் யமுனையின் நீரோட்டம் இடம் மாறியதால், நஜஃப்கர் வடிகாலின் கழிவுநீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு, வஜீராபாத் குடிநீர் நிலையம் ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் பகுதியை எட்டியது. நவம்பர் மாதத்தில் சில நாட்கள் இந்நிலை நீடித்தது. நிலையத்தின் ஊழியர்கள் இதைக் கவனிக்கத் தவறவில்லை. படிகாரத்தின் அளவையும் குளோரினின் அளவையும் அவர்கள் உயர்த்தினர். அதற்குப் பலனும் இருந்தது. கழிவுநீர் கலந்த நீரால் வழக்கமாகப் பரவும் டைபாய்டும் சீதபேதியும் அப்போது நகரில் குறிப்பிடத்தக்க அளவில் அதிகரிக்கவில்லை. பாக்டீரியாக்கள் மடிந்தன, வைரஸ்கள் தப்பின.

அந்த வைரஸ் எது என்பதே கால் நூற்றாண்டு காலம் தெரியாமல் இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த தில்லி நோயாளிகளின் ரத்த மாதிரிகளை 1980-இல் பரிசோதித்த ஆய்வாளர்கள், நோய்க்குக் காரணம் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் அன்று, பி வைரஸும் அன்று என அறிவித்தனர். சோவியத் வைரஸ் ஆய்வாளர் மிகைல் பலயான், நோயாளிகளின் மாதிரியைத் தாமே உட்கொண்டு நோயுற்று, தமது மலத்தில் அந்த வைரஸ் துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டதை 1983-இல் வெளியிட்டார். இன்று அது ஹெபடைடிஸ் இ வைரஸ் என்று அறியப்படுகிறது.

குளோரின் இருந்தும் வைரஸ் ஏன் தப்பியது? கழிவுநீரில் இருந்த பொருட்கள் குளோரினை விழுங்கியிருக்கும். குளோரின் செயல்படப் போதிய நேரம் கிடைத்திருக்காது. பாக்டீரியாவைவிட வைரஸ் உறுதியானது என்பதும் உண்மை. இவற்றோடு, பொதுவெளியில் அதிகம் பேசப்படாத மற்றொரு காரணமும் உண்டு. நீரில் வைரஸ்கள் எப்போதும் தனித்தனியே மிதப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாகத் திரள்கின்றன. தில்லி நீரில் அன்று அத்தகைய திரள்களைக் கண்டவர் எவரும் இலர். ஆயினும் பின்னர் நடந்த ஆய்வுகள், கிருமிநீக்கக் கணக்கை இத்திரள்கள் எவ்வாறு புரட்டிப் போடுகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டியுள்ளன.

வைரஸ்கள் ஏன் திரள்கின்றன?

குடிநீரில் பரவும் வைரஸ்களில் பல 30 நானோமீட்டர் அளவிலானவை. ஒரு மில்லிமீட்டரில் இத்தகைய துகள்கள் 30,000-க்கும் மேற்பட்டவற்றை வரிசையாக அடுக்கலாம். இவற்றின் புரத உறையின் மேற்பரப்பில் மின்னேற்றம் உண்டு. சாதாரண நீரில் பெரும்பாலான வைரஸ்கள் எதிர் மின்னேற்றம் கொண்டிருப்பதால், ஒன்றையொன்று விலக்குகின்றன.

நீரின் அமிலத்தன்மை ஒரு குறிப்பிட்ட நிலையை எட்டும்போது இந்த மின்னேற்றம் சமனாகி, விலக்கு விசை மறைகிறது. அப்போது துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. நீரில் உப்புகள், குறிப்பாகக் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அயனிகள் மிகுந்திருந்தாலும் விலக்கு விசை குறையக்கூடும்.

பல நேரங்களில் திரள் நீரில் உருவாவதே இல்லை. உடலிலிருந்து வெளிவரும்போதே உருவாகி விடுகிறது. பாதிக்கப்பட்ட செல்லின் உள்ளே வைரஸ்கள் நெருக்கமாகப் பெருகுகின்றன. செல் சிதையும்போது, அதன் துணுக்குகளோடு ஒட்டிய நிலையிலேயே அவை மலத்தில் வெளியேறுகின்றன. ரோட்டா வைரஸும் நோரோ வைரஸும் கொழுப்புச் சவ்வாலான நுண்பைகளுக்குள் கூட்டமாக அடைபட்டு வெளியேறுவதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018-இல் கண்டறிந்தனர். தனித்தனியே பரவும் வைரஸ்களைவிட, இத்தகைய பைகளில் பரவுபவை கூடுதல் தொற்றுத்திறன் கொண்டவை என்பதும் அவர்களது விலங்குச் சோதனைகளில் தெரியவந்தது.

திரளின் அளவையும் நோக்க வேண்டும். ஆயிரம் வைரஸ்கள் உருண்டையாகத் திரண்டாலும், அதன் விட்டம் ஒரு துகளைப் போல் சுமார் பத்து மடங்குதான் இருக்கும். அதாவது 300 நானோமீட்டர். இது பெரும்பாலான பாக்டீரியாக்களைவிடச் சிறியது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் ஒரு குவளை நீரில் இத்தகைய திரள் இருந்தாலும் எவராலும் அறிய இயலாது.

திரள் எவ்வாறு கவசமாகிறது?

முதலாவது, எளிய கணக்கு. ஒரு திரளில் ஒரேயொரு வைரஸ் உயிர்த்திறனோடு எஞ்சினாலும் அத்திரள் நோயை உண்டாக்க வல்லது. குளோரின் 90 விழுக்காடு வைரஸ்களைச் செயலிழக்கச் செய்கிறது என்று கொள்வோம். தனித்தனியே மிதக்கும் நூறு வைரஸ்களில் பத்து மட்டுமே எஞ்சும். அதே வைரஸ்கள் பத்துப் பத்தாகத் திரண்டிருந்தால், ஒரு திரளில் உள்ள பத்தும் ஒருசேரச் செயலிழக்க 35 விழுக்காடு வாய்ப்பே உள்ளது. எனவே, நூறு திரள்களில் 65 திரள்கள் நோய் பரப்பும் நிலையிலேயே இருக்கும். கிருமிநீக்கத் திறன் 99 விழுக்காடாக உயர்ந்தாலும், நூற்றில் ஏறத்தாழ பத்துத் திரள்கள் தப்பிவிடும்.

ஒவ்வொரு வைரஸையும் குளோரின் சம அளவில் அணுகுகிறது என்ற அனுமானத்தில் போடப்பட்ட கணக்கு இது. உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதே இரண்டாவது காரணம். திரளின் வெளிப்புறத்தில் உள்ள வைரஸ்களின் புரதங்களோடு வினைபுரியும்போதே குளோரின் செலவாகிவிடுகிறது. உட்புறத்தை எட்டும் அளவு குறைகிறது. வெளியில் இருப்பவை மடிந்து உள்ளிருப்பவற்றைக் காக்கின்றன.

மூன்றாவது, சேற்றுத் துகளிலோ, மலத்துணுக்கிலோ, செல் சிதைவிலோ பொதிந்துள்ள திரளுக்குக் கவசம் இரட்டிப்பாகிறது. செல் சிதைவோடு ஒட்டியிருக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ்கள், தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டவற்றைவிடக் கிருமிநாசினிகளுக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதை 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர்.

இவற்றோடு மற்றொரு நுட்பமும் உண்டு. குளோரினால் வெவ்வேறு பகுதிகளில் சேதமுற்ற பல வைரஸ்கள் ஒரே திரளாக ஒரே செல்லுக்குள் நுழையும்போது, ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்து மீண்டும் பெருகக்கூடும். தனியே நுழைந்திருந்தால் இவற்றில் எதுவும் பெருகியிராது. ஆய்வகத்தில் இந்நிகழ்வு சில வைரஸ்களில் பதிவாகியுள்ளது.

ஆய்வகக் கணக்கும் ஆற்று நீரும்

எவ்வளவு குளோரினை எவ்வளவு நேரம் நீரில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு நீரியல் பொறியாளர்கள் ஓர் எளிய அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற செறிவை நிமிடங்களால் பெருக்கினால் கிடைக்கும் எண் அது. ஒரு மில்லிகிராம் குளோரின் ஆறு நிமிடங்கள் செயல்பட்டால் அந்த எண் ஆறு. அரை மில்லிகிராம் பன்னிரண்டு நிமிடங்கள் செயல்பட்டாலும் அதே ஆறுதான்.

இந்த எண்களுக்கான அட்டவணைகள், பெரும்பாலும் ஆய்வகத்தில் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வைரஸ்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டவை. தூய நீரில், கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், திரள்கள் நீக்கப்பட்ட மாதிரிகளில் சோதனை நடத்தினால்தான் முடிவுகள் ஒன்றுபோல் அமையும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஹெபடைடிஸ் ஏ வைரஸ் சோதனைகளை அடிப்படையாகக் கொண்ட தனது அட்டவணையில் கிடைத்த எண்களை மும்மடங்காக்கிப் பரிந்துரைத்தது. ஆய்வகத்துக்கும் களத்துக்கும் உள்ள இடைவெளியை ஈடுகட்டும் பாதுகாப்பு வரம்பு அது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970-களில் ஆராய்ந்தனர். மின்னணு நுண்ணோக்கியின் துணையோடு தனித்துகள் மாதிரிகளையும் திரள் கலந்த மாதிரிகளையும் பிரித்து, குளோரினைப் போன்றே செயல்படும் புரோமினை அவற்றில் செலுத்தினர். தனித்துகள்கள் நொடிக் கணக்கில் செயலிழந்தன. திரள்கள் கலந்த மாதிரியில் தொடக்கத்தில் வேகமாக நிகழ்ந்த அழிவு, நேரம் செல்லச் செல்ல மந்தமானது. இறுதிவரை தாக்குப்பிடித்தவை திரள்களே.

எண்ணும் முறையிலும் ஒரு சிக்கல் உள்ளது. உயிருள்ள வைரஸ்களை எண்ணுவதற்கு, ஆய்வகத்தில் பரப்பி வளர்க்கப்பட்ட செல்களின்மீது நீர் மாதிரியை ஊற்றுவர். வைரஸ் தாக்கிய இடத்தில் செல்கள் அழிந்து ஒரு வெற்றுத் திட்டு உண்டாகும். திட்டுகளை எண்ணி வைரஸ்களின் எண்ணிக்கையைக் கணிப்பர். ஒரு வைரஸ் விழுந்தாலும் ஒரு திட்டுதான். நூறு வைரஸ்கள் ஒட்டிய திரள் விழுந்தாலும் ஒரு திட்டுதான். ஆகவே, மாதிரியில் உள்ள வைரஸ்களின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகிறது. அந்தத் திரள் பின்னர் குழாயிலோ, குடிப்பவரின் குடலிலோ சிதறினால், ஒன்று என்று எண்ணப்பட்டது பலவாகிவிடும்.

குளோரினைக் கூட்டினால் போதாதா?

நீர் மாசுபட்டதாகத் தெரிந்தவுடன் குளோரின் அளவை உயர்த்துவதே முதல் நடவடிக்கையாக அமைகிறது. அது தேவையான நடவடிக்கைதான். ஆனால் அது மட்டும் போதாது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. மனிதர்களைத் தாக்காத எம்.எஸ்.2 என்ற வைரஸை அமிலச் சூழலில் திரளச் செய்து, பெர்அசிட்டிக் அமிலம் என்ற கிருமிநாசினியை அவர்கள் செலுத்தினர். சோதனைக்குப்பின் திரள்களை மீண்டும் தனித்துகள்களாகப் பிரித்து எண்ணியதால், திட்டுகளை எண்ணுவதில் உள்ள பிழை தவிர்க்கப்பட்டது. திரண்ட நிலையில் வைரஸ்கள் செயலிழக்கும் வேகம் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை குறைந்தது. திரள் பெரிதாக ஆக, கிருமிநாசினியின் செறிவு உயர உயர, இந்த இடைவெளி அதிகரித்தது.

கிருமிநாசினி திரளுக்குள் நுழைவதில் பெரிய தடை இல்லை. நுழையும் வழியிலேயே அது செலவாகி விடுகிறது என்பதே அந்த ஆய்வாளர்களின் விளக்கம். எனவே, வேகமாக வினைபுரியும் கிருமிநாசினிகளுக்குத் திரளால் ஏற்படும் இழப்பு அதிகம். மெதுவாக வினைபுரிபவற்றுக்கு இழப்பு குறைவு. இதைக் கொண்டு, மென்மையான கிருமிநாசினியே மேலானது என்று அவசரப்பட்டு முடிவு செய்தலும் தவறு. எடுத்துக்காட்டாக, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உருவாகும் குளோரமைன் மென்மையானது. ஆனால் வைரஸ்களை அழிக்க, குளோரினுக்குத் தேவைப்படும் செறிவு-நேர அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேல் அதற்குத் தேவைப்படுகிறது.

யமுனை நீரைப் பொறுத்தவரை இது முக்கியமான செய்தியாகும். கழிவுநீரில் அம்மோனியா மிகுதி. அத்தகைய நீரில் குளோரினைக் கலக்கும்போது, அதன் பெரும்பகுதி அம்மோனியாவோடு பிணைந்து குளோரமைனாக மாறிவிடுகிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைக் கடந்து, தனித்த குளோரின் எஞ்ச வேண்டுமானால் 8 முதல் 10 மில்லிகிராம் வரை குளோரின் தேவைப்படும். சோதனையில் குளோரின் இருப்பதாகத் தெரியலாம். ஆனால் அது தனித்த குளோரினா, பிணைந்த குளோரினா என்று பிரித்துப் பார்க்காவிடில், வைரஸ்களுக்கு எதிரான பாதுகாப்பு இருப்பதாகக் கருத இயலாது. யமுனையில் அம்மோனியா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவைக் கடக்கும்போதெல்லாம் வஜீராபாத் உள்ளிட்ட நிலையங்களில் குடிநீர் உற்பத்தி குறைக்கப்படுவது இன்றும் தொடர்கிறது.

குளோரினுக்கு முன்பே தொடங்கும் பாதுகாப்பு

வைரஸ் திரள்களுக்கு எதிரான முதல் அரண் குளோரின் அன்று. அதற்கு முந்தைய படிநிலைகளே ஆகும். படிகாரம் கலந்து கலங்கலைத் திரட்டி, படியவைத்து, மணல் வடிகட்டியில் செலுத்தும்போது, சேற்றுத் துகள்களோடு ஒட்டிய வைரஸ்களும் திரள்களும் கணிசமாக வெளியேற்றப்படுகின்றன. கவசம் அணிந்தவை முதலில் நீக்கப்பட்டால், எஞ்சிய தனித்துகள்களைக் குளோரின் எளிதில் வெல்லும். இந்த வரிசையில் படிய வைப்பதோ வடிகட்டுவதோ பிசகினால், கடைசியில் எவ்வளவு குளோரின் சேர்த்தும் அதை முழுமையாக ஈடுகட்ட இயலாது. வடிகட்டிக்குப் பின் நீரின் கலங்கல் அளவு திடீரென உயருவது, நிலைய ஊழியர்களுக்கு ஓர் அபாய அறிவிப்பு என்றே கொள்ள வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவீடான ஐ.எஸ். 10500 இதனைக் கருத்தில் கொண்டுள்ளது. கலங்கல் அளவு ஒரு என்.டி.யு. வரை இருக்கலாம் என்றும், மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் ஐந்து வரை அனுமதிக்கலாம் என்றும் அது கூறுகிறது. நுகர்வோரின் குழாயில் எஞ்சியிருக்க வேண்டிய தனித்த குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்புத் தேவைப்படும்போது அது குறைந்தது 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பும் 0.5 மில்லிகிராம் தனித்த குளோரின் குறைந்தது 30 நிமிடங்கள் செயல்பட வேண்டும் என்றும், நீரின் பி.எச். அளவு எட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. பி.எச். உயர்ந்தால் குளோரினின் வீரியமிக்க வடிவமான ஹைப்போகுளோரஸ் அமிலம் குறைந்துவிடும் என்பதே இதற்குக் காரணம்.

தில்லியில் நிகழ்ந்தது மீண்டும் நிகழாமல் போகவில்லை. கான்பூரில் 1990 டிசம்பர் முதல் 1991 ஏப்ரல் வரை பரவிய ஹெபடைடிஸ் இ தொற்றில் ஏறத்தாழ 79,000 பேர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. இந்நோய் பெரும்பாலானோருக்குத் தானாகவே குணமாகக்கூடியது. ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உள்ள பெண்களுக்கு இது ஏற்பட்டால், அவர்களில் 20 முதல் 25 விழுக்காடு வரை உயிரிழக்க நேரிடலாம் என உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கிறது. தண்ணீர்க் குழாயில் தொடங்கும் கவனக்குறைவு, பிரசவ அறையில் உயிர்களைப் பறிக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

யமுனை 2023 ஜூலை 13 அன்று 208.66 மீட்டர் என்ற வரலாறு காணாத உயரத்தை எட்டியபோது, வஜீராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று குடிநீர் நிலையங்களும் தற்காலிகமாக மூடப்பட்டன. மக்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது உண்மையே. எனினும், 1955-ஐ நினைவுகூர்வோர்க்கு, சுத்திகரிக்க இயலாத நீரை எடுக்காமல் நிறுத்துவதும் ஒரு பாதுகாப்பு நடவடிக்கையே என்பது விளங்கும்.

ஈ.கோலை சோதனை மட்டும் போதுமா?

குடிநீரின் பாதுகாப்பை அறிய, ஈ.கோலை, கோலிபார்ம் ஆகிய பாக்டீரியாக்கள் உள்ளனவா என்றே நாடெங்கும் சோதிக்கப்படுகிறது. இச்சோதனை இன்றியமையாதது. பாக்டீரியா இருந்தால் நீர் ஆபத்தானது என்று உறுதியாகக் கூறலாம். ஆனால் பாக்டீரியா இல்லை என்பதால் வைரஸும் இல்லை என்று கூற இயலாது. தில்லி நிகழ்வே இதற்குச் சான்று. எனவே, ஈ.கோலை முடிவோடு, கலங்கல் அளவு, தனித்த குளோரின் அளவு, பி.எச்., குளோரின் செயல்பட்ட நேரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வைரஸ் பாதுகாப்பைப் பற்றிய முழுமையான படம் கிடைக்கும்.

வீடுகளில் செய்ய வேண்டியது

வெள்ளக் காலத்திலோ, காமாலை பரவும் நேரத்திலோ, குழாய் நீர் கலங்கலாகவோ துர்நாற்றத்துடனோ வந்தால், கொதிக்க வைத்துக் குடிப்பதே உறுதியான வழி. கிருமிநாசினியைப் போல் வெப்பம் வழியில் செலவாகிவிடுவதில்லை. திரளின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் அது ஒரே சீராகச் சென்றடைகிறது. நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் அப்படியே விட்டால் போதும்.

கொதிக்க வைக்க வழியில்லாமல் குளோரின் மாத்திரையைப் பயன்படுத்துவோர், முதலில் நீரைத் தெளியவைத்து, சுத்தமான துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். துணி வைரஸ்களைத் தடுக்காது. ஆனால் குளோரினை வீணாக்கும் கசடுகளைக் குறைக்கும். மாத்திரையைப் போட்டபின் குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். போட்டவுடன் குடிப்பது, குளோரின் வாசனையுள்ள, ஆனால் பாதுகாப்பு உறுதியாகாத நீரைக் குடிப்பதாகும்.

குளோரின் தான் தொடும் வைரஸை அழிக்கிறது. அது தொட இயலாத இடத்தில் வைரஸ் ஒளிந்திருக்கும்போது, அந்த மறைவிடத்தை முன்கூட்டியே அகற்றுவதும், குளோரினுக்குப் போதிய நேரம் தருவதும் குடிநீர் வழங்குவோரின் கடமையாகிறது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் தில்லி மக்கள் கொடுத்த விலையில் கற்ற பாடம் இது.